பிரிஸ்கில்லா வீட்டுக் கோயில் கதவு

இந்த வருஷம் மே மாசம் வரை பிரிஸ்கில்லா டீச்சர் வீட்டைக் கண்டுபிடிக்க யாரிடமும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற டவுன் பஸ்ஸில் ஏறிப் பாதி வழியில் இறங்கி, மேற்கே மலையைப் பார்த்து நடந்தால் போதும். வரிசையாக இருக்கிற சின்னச் சின்ன வீடுகளில், எந்த வீட்டில் துளியும் பொருந்தாமல் ஒரு பெரிய தேக்குக் கதவு நின்றதோ அதுதான் அவள் வீடு. கதவின் தலை வளைவு, வாசலோ சதுரம். நடுவில் விட்ட இடைவெளியையெல்லாம் சிமெண்ட் வைத்துப் பூசியிருக்கும்.

"வீட்டுக்குக் கதவு வாங்குனவுகளப் பாத்திருக்கேன். கதவுக்காக வீட்ட இடிச்சவ எம்பொண்டாட்டி ஒருத்திதான்" என்று அவள் புருஷன் எட்வின் லோடு ஆட்டோ ஸ்டாண்டில் சொல்லாத நாளில்லை.

டீச்சர் என்றதும் பள்ளிக்கூடத்து டீச்சர் என்று நினைத்துவிட வேண்டாம். வாரத்தில் ஆறு நாள் இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியை மடித்து, கட்டி, பாக்கெட் போடுகிற வேலை. ஏழாம் நாள்தான் ஞாயிறு பள்ளி டீச்சர். ஆனால் ஊரில் அவளுக்கு நிலைத்துப்போனது அந்த ஒரு நாள் பெயர்தான். கதை சொல்ல ஆரம்பித்தாளென்றால் வேதத்தில் இரண்டு வரி இருப்பதை இருபது நிமிஷத்துக்கு இழுப்பாள். கோலியாத்துக்கு மீசை வைத்ததும் யோனாவின் மீனுக்கு ஏப்பம் வரவைத்ததும் அவள் கைங்கரியம்தான். போதகர் ஒருமுறை கண்டித்துப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் கூட்டம் குறையாததால் விட்டுவிட்டார்.

அந்தக் கதவு ஊரில் முன்பிருந்த பழைய கோயிலின் கதவு. ஓடு போட்ட சின்னக் கோயில். பெண்கள் பக்கம் பாய் விரித்திருக்கும். ஆராதனையில் கண்ணை மூடியிருக்க வேண்டிய பிள்ளைகள் எல்லாம் கதவு வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். மழை வந்தால் மலையிலிருந்து அது இறங்கி வருவது தெரியும், பிரசங்கம் யார் காதிலும் ஏறாது. பிரிஸ்கில்லாவின் அப்பா சின்னத்துரை அங்கே கோயில்குட்டியாக இருந்தார். மணியடிப்பது, கூட்டுவது, விளக்கேற்றுவது, கதவு திறப்பது எல்லாம் அவர் வேலை. மகள் சின்னதாக இருந்தபோது அவர் தோளில் உட்கார்ந்து கீலுக்கு விளக்கெண்ணெய் விட்டிருக்கிறாள். அந்த எண்ணெய் வாடை வந்தால் இன்றைக்கும் அவளுக்கு அப்பா ஞாபகம் வந்துவிடும்.

சபை பெருகியது, கோயில் பற்றவில்லை. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட முடிவானபோது, சின்னத்துரை இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. இந்தப் பக்கத்துச் சபைகளில் எதற்கும் ஏலம்தான். அறுப்பின் பண்டிகையில் சுரைக்காயிலிருந்து சேவல் வரை ஏலம் விடுகிறவர்கள் பழைய கோயிலை மட்டும் சும்மா விடுவார்களா? ஓடு, உத்திரம், பெஞ்சு என்று ஒவ்வொன்றாகப் போயிற்று. கதவு வந்ததும் பிரிஸ்கில்லா எழுந்து நின்றாள். எதிர்த்துக் கேட்டவரை அவள் பார்த்த பார்வையில் மனுஷர் வாயை மூடிக்கொண்டார்.

புதுக் கோயில் எழும்பியது. தரையெல்லாம் கிரானைட், வாசலுக்கு வெளியூர்க்காரர் ஒருவர் உபயத்தில் பூவேலை செய்த புதுக் கதவு. பின்புறம் ஞாயிறு பள்ளிக்கென்று கட்டிய அறைக்கு வரும்போது கைப்பணம் தீர்ந்துபோனதால் அதற்கு மட்டும் கதவு இல்லை. ஒரு தகரத்தைச் சாத்தி வைத்திருந்தார்கள்.

அந்த அறையில்தான் இந்த வருஷம் மே மாசம் விடுமுறை வேதாகமப் பள்ளி நடந்தது. பிரிஸ்கில்லா வருஷா வருஷம் அந்த நாட்களுக்கு மட்டும் மதியத்துக்கு மேல் வேலை என்று கம்பெனியில் கேட்டு வாங்கிக்கொள்வாள். புதுக் கோயில் கட்டிய வருஷமாயிற்றே, இந்தத் தடவை எருசலேம் ஆலயத்தைத் திரும்பக் கட்டின கதையைச் சொல்லுங்கள் என்றார் போதகர். கம்பெனியில் கழித்துப்போட்ட காஸ் துணியை மூட்டையாகக் கொண்டுவந்து, பிள்ளைகள் எல்லாருக்கும் யூதர் மாதிரி தலைப்பாகை கட்டிவிட்டாள்.

"பாபிலோன்காரன் கோயில இடிச்சு, அங்க இருந்த பொன்னு வெள்ளிச் சாமானெல்லாம் அள்ளிட்டுப் போயிட்டான். பொறவு கோரேசுன்னு ஒரு ராஜா வந்தாரு. ஊருக்குப் போயி உங்க கோயிலக் கட்டுங்க, இந்தாங்க உங்க சாமான்னு அம்புட்டையும் எடுத்துக் குடுத்துட்டாரு." அதோடு விட்டிருக்கலாம். கதை வேகத்தில் கையை ஓங்கி, "யார் யாரு கோயில் சாமான வீட்டுல வச்சிருந்தாகளோ அம்புட்டுப் பேரும் கொண்டாந்து குடுத்தாக. அதுக்குப் பொறவுதான் கோயில் கோயிலாச்சு!" என்று சொந்தச் சரக்கையும் சேர்த்துவிட்டாள்.

கேட்டதைச் செய்து காட்ட வேண்டும் என்பது அவள் வகுப்பின் சட்டம். பிள்ளைகள் அன்று மத்தியானமே கிளம்பிவிட்டன. முன்னால் ஆறாம் வகுப்பு முடித்த வின்சி, அவளை ஒட்டியே வாயாடி ஜெர்வின், பின்னால் ஒரு பட்டாளம். முதலில் பாண்டிதுரையின் டீக்கடை. கோயில் பெஞ்சு ஒன்று அங்கேதான் கிடந்தது.

"அய்யய்யோ, என்னலே ஆச்சு? அம்புட்டுப் பேருக்கும் மண்டையில கட்டு? வண்டி கவுந்துருச்சா?" என்று பாண்டிதுரை பதறி ஓடி வந்தார்.

"கட்டு இல்ல அண்ணாச்சி, தலப்பா" என்றாள் வின்சி. "ராஜா உத்தரவு. கோயில் பெஞ்சத் திருப்பிக் குடுக்கணுமாம்."

"ராஜபாளையத்துப் பக்கத்துல ராஜாவுக்கா பஞ்சம்? எந்த ராஜா?"

"கோரேசு ராஜா."

"கேள்விப்பட்டதில்லயே. எந்த மில்லு?"

ராஜா என்று பெயர் வைத்த மில் முதலாளி இல்லை, வேதத்து ராஜா என்று ஜெர்வின் விளக்கியதும் பாண்டிதுரைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனாலும், கோயில் பொருளைக் கேட்டு வந்தவர்களிடம் இல்லையென்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்தவர்களை எழுப்பிவிட்டுப் பெஞ்சைத் தூக்கிக் கொடுத்தார். கோயிலில் அன்றைய பாட்டு நம்பர் மாட்டுகிற பலகை செல்லத்தாய் வீட்டு அடுப்படியில் தட்டு அடுக்கப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. அவளும் கழுவித் துடைத்துக் கொடுத்துவிட்டாள். இதையெல்லாம் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சுற்றியது வேறு யாருமில்லை, எட்வின்தான்.

சாயங்காலம் பஸ் விட்டு இறங்கி வந்த பிரிஸ்கில்லா, தன் வீட்டு முன்னால் ஆட்டோவும் பெஞ்சும் தலைப்பாகைக் கூட்டமும் நிற்பதைப் பார்த்தாள். விஷயம் புரிந்ததும் பயந்துபோனாள். அந்தப் பயம்தான் கோபமாக வந்தது.

"யாருட்டி இந்த யோசன சொன்னது?"

"நீங்கதான் டீச்சர்" என்றாள் வின்சி.

கதவைக் கேட்கப்போகிறார்கள், என்ன சொல்லி அனுப்புவது என்று பிரிஸ்கில்லாவுக்கு மனசு அடித்துக்கொண்டது. ஆனால் ஒரு பிள்ளையும் கதவுப் பக்கமே திரும்பவில்லை.

"நாங்க உங்க வீட்டுக்குன்னு வரல டீச்சர். எட்வின் மாமா தண்ணி குடிக்க நிப்பாட்டுனாக, அவ்வளவுதான். கோயில்ல பெஞ்ச எறக்கப் போறோம்" என்று வின்சி அவசரமாகச் சொன்னாள்.

"ஏன், எங்கிட்டக் கேக்க வேண்டியதில்லயா?"

வின்சி தலையைக் குனிந்துகொண்டாள். ஜெர்வினுக்குத்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதே. "டீச்சர் குடுக்க மாட்டாக, கேட்டா அழுவாக, கேக்க வேணாம்னு வின்சிதான் சொல்லுச்சு."

பிள்ளைகள் கேட்டிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். ஏலத்தில் முறையாக எடுத்தேன் என்று நியாயம் பேசியிருப்பாள். கேட்காமல் விட்டதுதான் அவளைப் போட்டு அறுத்தது. இத்தனை வருஷம் இவர்களுக்குக் கதை சொல்லி, கடைசியில் 'டீச்சரிடம் மட்டும் கேட்காதே' என்று சின்னப் பிள்ளைகள் இரக்கப்படும்படி ஆகிவிட்டதே என்று அவளுக்கு அவமானமாக இருந்தது.

கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்தாள். திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தன. அப்பா இப்படித்தான் ஆராதனை நேரத்தில் கதவோரம் உட்கார்ந்திருப்பார். ராத்திரி ஷிப்டு முடித்து மில்லிலிருந்து தலையில் பஞ்சோடு ஓடிவருகிறவர்களுக்காகக் கதவைச் சாத்தவே மாட்டார். ரோட்டுச் சத்தம் உள்ளே வருகிறது என்று போதகர் முறைத்தாலும், செத்த நேரம் பொறுங்கள் என்று கையைக் காட்டுவார். அவர்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்த பிறகுதான் அவருக்கு முகம் தெளியும். அந்த முகம் இப்போது எதிரே வந்து நின்ற மாதிரி இருந்தது.

வெளியே வந்து எட்வினிடம், "கருத்தப்பாண்டிக் கொத்தனாரக் கூப்பிடுங்க. கதவக் கழத்தணும்" என்றாள்.

இத்தனை நாள் கேலி பண்ணியவனுக்கு அப்போதுதான் முகம் சுண்டியது. "ஏட்டி, வெளயாட்டுப் பிள்ளைக செஞ்சதுக்கு நீ ஏன்... உங்க அப்பா கை பட்ட கதவுல்லா?"

"அப்பா இதத் தொறந்து விடத்தான் சம்பளம் வாங்குனாக. நான் வாங்குன நாள்லருந்து தெனமும் பூட்டிட்டுப் போறேன்" என்றாள் பிரிஸ்கில்லா. அவள் அழவில்லை. வின்சிக்கே அது ஆச்சரியம்.

மறுநாள் பூராவும் கருத்தப்பாண்டி பின் அறை வாசலை உடைத்து வளைவு வைத்துக் கதவைப் பொருத்தினார். வெயிலில் வந்து நின்று பார்த்த போதகர், "தகரத்துக்கு இது எம்புட்டோ மேல்" என்றார். புதுக் கோயிலுக்கு அந்தக் கதவு தேவைப்பட்டது என்று சொல்ல முடியாது. பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது. பிரிஸ்கில்லா வீட்டு வாசலில் எட்வின் ஆட்டோ தார்ப்பாயைக் கட்டித் தொங்கவிட்டான்.

அடுத்த வகுப்பில் அஸ்திவாரம் போட்ட பாடம். எருசலேமில் அஸ்திவாரம் போட்டதும் ஜனங்கள் எக்காளம் ஊதி ஆர்ப்பரித்தார்கள். ஆனால் முந்தின ஆலயத்தைக் கண்ணால் பார்த்திருந்த முதியவர்கள் மட்டும் சத்தமிட்டு அழுதார்கள். மற்ற வருஷங்களில் பிரிஸ்கில்லா அந்த இடத்தை ஒரே வாக்கியத்தில் தாண்டி, நேராக எக்காளத்துக்குப் போய்விடுவாள். இந்த முறை போகவில்லை.

"புதுசு கட்டுறது நல்லதுதான டீச்சர்? அவுக ஏன் அழுதாக?" என்று ஒரு வாண்டு கேட்டது.

"பழசுல அவுகளோட அப்பா, அம்மா எல்லாம் இருந்தாக" என்று சொல்ல ஆரம்பித்தவளுக்குக் குரல் உடைந்தது. கதவைக் கழற்றச் சொன்ன அன்று வராத அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டும் அடக்க முடியவில்லை. பிள்ளைகள் திகைத்துப்போய் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

வின்சி மெதுவாக எழுந்து கதவருகே போனாள். வெளியே போகிறவர்கள் டீச்சர் அழுவதைப் பார்த்துவிடக் கூடாது என்று, தன் முழுப் பலத்தையும் கொடுத்து அந்தப் பெரிய கதவைத் தள்ளினாள்.

"சாத்தாதட்டி" என்றாள் பிரிஸ்கில்லா. "பாக்குறவுக பாத்துட்டுப் போட்டும். நீ வந்து உக்காரு."

பிறகு கண்ணைத் துடைக்காமலே, அழுதவர்கள் கதையை முழுசாகச் சொன்னாள்.