கம்பியில் குத்திய சீட்டு

மூக்குக் கண்ணாடிக் கடையில் பதினோரு வருடமாக நிற்கிறேன். ஃபிரேம் எடுத்துக் காட்டுவதும், டாக்டர் எழுதிக் கொடுத்த பவரைச் சீட்டில் எழுதிப் பின்னறைக்கு அனுப்புவதும் என் வேலை. அங்கே சீட்டைப் பார்த்து லென்ஸ் எடுத்து, ஓரம் தேய்த்துப் பொருத்துகிறவர் தூசி அண்ணன். மாலையில் புருவம்வரை வெள்ளைத் தூள் படிந்திருக்கும், அதனால் அந்தப் பெயர். வைத்தது நான்தான். என் வாய் அப்படி.

நாற்பத்திரண்டு வயதில் எனக்கு ஓர் ஆசை வந்தது. சனிக்கிழமை காலைகளில் வெப் புரோகிராமிங் கிளாஸில் சேர்ந்தேன். சுற்றிலும் என் மகள் வயதுப் பிள்ளைகள். முதல் மூன்று வாரம் ஒன்றும் விளங்கவில்லை. நான்காவது வாரம் ஆப்ஜெக்ட் வந்தது. ஒரு பொருளைப் பற்றிய விவரங்களையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி, அதற்கு ஒரு பெயர் வைப்பது, அவ்வளவுதான். அடடா, இது நம் சீட்டல்லவா என்று துள்ளிவிட்டேன். வலது கண், இடது கண், ஃபிரேம் எண். பதினோரு வருடமாக ஆப்ஜெக்ட் எழுதிக்கொண்டுதானே இருக்கிறேன்!

கடைக்கென்று நானே கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் செய்தேன். விவரத்தைத் தட்டினால் சீட்டு அச்சாகி வரும், பெயரை மட்டும் மேலே பேனாவால் எழுத வேண்டும். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்தால் இரண்டு முறை தட்டுவானேன் என்று, முதல் ஆப்ஜெக்டை அப்படியே இரண்டாவதாக்க ஒரு பட்டனும் வைத்தேன். முதலாளி அசந்துபோனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இனிமேல் என் கோழிக்கிறுக்கலைத் திட்ட முடியாது என்று அண்ணனைச் சீண்டினேன். அவர் சிரித்தார்.

அடுத்த வாரம் அக்காவும் தங்கையுமாக இரண்டு பேர் வந்து, ஒரே மாதிரி ஃபிரேம் எடுத்தார்கள். அக்கா பள்ளி வேன் ஓட்டுகிறவர். அக்காவின் விவரத்தைத் தட்டினேன். பட்டனை அழுத்தினேன். தங்கைக்குப் பவரை மட்டும் மாற்றினேன். இரண்டு சீட்டையும் சேர்த்து அச்செடுத்துப் பெயர் எழுதி அனுப்பினேன்.

கண்ணாடியை வாங்கிப்போன மறுநாளே அக்கா கொதித்துக்கொண்டு வந்தார். பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன், எதிரே வரும் வண்டியே மங்கலாகத் தெரிகிறது என்று சத்தம் போட்டார். முதலாளி லென்ஸைச் சோதித்தார். அது தங்கையின் பவர். சீட்டு தப்பாக இருக்க வேண்டும், அல்லது அண்ணன் தப்பாகப் படித்திருக்க வேண்டும். முதலாளி என்னைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் போட்ட சீட்டு சார், அதுல தப்பு வராது. அண்ணனுக்குத்தான் இப்பல்லாம் கண்ணு சரியில்ல" என்றேன்.

பின்னறை ஆறடி தூரம். முடிந்த சீட்டுகளை அண்ணன் அங்கே ஒரு கம்பியில் குத்தி வைத்திருப்பார். நான் போய்ப் பார்க்கவில்லை. சத்தம் கேட்டு வந்து நின்ற அண்ணனும் போகவில்லை. தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இருக்கும்மா" என்றார். திங்கள்கிழமை முதல் மெஷினுக்குப் புது ஆள் வருவான் என்றும், அண்ணன் இன்றிலிருந்தே முன்னால் உட்கார்ந்து ஃபிரேம் துடைக்கலாம் என்றும் முதலாளி முடிவு சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை டீச்சர் திரையில் ஓர் ஆப்ஜெக்ட் எழுதினார். அதையே இன்னொரு பெயரில் போட்டார். இரண்டாவதில் ஒரு விவரத்தை மாற்றிவிட்டு, முதலாவதில் இப்போது என்ன இருக்கும் என்று கேட்டார். பழையதுதான் என்று எல்லோருக்கும் முந்தி நான் கத்தினேன். திரையில் புதியது வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

"ரெண்டு பொருள் இல்ல. பொருள் ஒண்ணுதான், பேருதான் ரெண்டு" என்றார் டீச்சர். ஒரே வீட்டுக்கு இரண்டு சாவி மாதிரி, எந்தச் சாவியால் திறந்து சுவருக்கு வண்ணம் அடித்தாலும் மாறுவது அந்த ஒரே வீடுதான் என்று விளக்கினார். நான் வைத்த பட்டனும் இதைத்தானே செய்கிறது! பாதி கிளாஸில் எழுந்து கடைக்கு ஓடினேன்.

கம்பியில் சீட்டு இருந்தது. மேலே என் பேனாவில் அக்காவின் பெயர், கீழே தங்கையின் பவர். உள்ளங்கையில் கசக்கிக்கொண்டேன். அதைக் கிழித்துப் போட்டிருந்தால் யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பும் வரத்தான் செய்தது, மறைப்பானேன். முன்னால் அண்ணன் ஒவ்வொரு ஃபிரேமையும் மூக்கருகே கொண்டுபோய்த் துடைத்துக்கொண்டிருந்தார். போன வாரம்வரை அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

முதலாளியும் இரண்டு வாடிக்கையாளர்களும் நிற்கும்போதே சீட்டை நீட்டி, தப்பு என்னுடையது என்று சொன்னேன். முதலாளி என்னை வெளுத்து வாங்கினார், பிறகு திங்கள்கிழமை வரவிருந்த புது ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிடுவதாகச் சொன்னார். அது எதுவும் அண்ணன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. சீட்டை வாங்கி, கையை நீட்டிப் பிடித்து, மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் படித்தார்.

"என்னைத் திட்டுங்கண்ணே" என்றேன்.

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "பையன்கிட்ட சொல்லிட்டேம்மா, அப்பாவுக்குக் கண்ணு போயிடுச்சு, வீட்டக் காலி பண்ணிட்டு உங்கூடவே வந்துடுறேன்னு. உன் போனைக் கொஞ்சம் குடு."

கொடுத்தேன். எண்களை அவரே பார்த்து அழுத்தினார்.