ஜிஷாவின் கிழிந்த ஸ்பீக்கர்

காகிதக் கூம்பின் கிழிசல்மேல் பசை தடவி, மெல்லிய காகிதத் துண்டொன்றை ஒட்டி, விரல்நுனியால் நீவிவிட்டன கைகள். ஓரம் சுருங்கவில்லை. ஸ்பீக்கரைப் பெட்டிக்குள் வைத்து நான்கு திருகாணிகளையும் முறுக்கிய பிறகுதான், பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டு சுந்தரதாசின் கண்ணில் பட்டது. அவருடைய கையெழுத்துதான். 'ஜிஷா. வயர் மட்டும். கிழிசலைத் தொடக்கூடாது.'

தமிழக எல்லையை ஒட்டிய கேரள ஊரான குன்னத்துகாலில் மைக்செட் சாமான்கள் பழுது பார்க்கும் கடை அவருடையது. பந்தல்களுக்கு வயர் இழுக்கப் போன வயதில், கெட்டுப்போன ஸ்பீக்கர்களைப் பிரித்துப் பார்த்தே தொழில் படித்தவர். சொல்லிக் கொடுத்தவர் யாருமில்லை. கோயில் திருவிழா, சர்ச் பெருநாள் என்று எல்லைக்கு இரண்டு பக்கமிருந்தும் ஸ்பீக்கர்கள் வரும். இருபத்தெட்டு வருடத்தில் ஒன்றுகூட இரைச்சலோடு திரும்பிப் போனதில்லை. வேலை முடிந்ததும் பெட்டிக்குள் பென்சிலால் பெயரும் தேதியும் எழுதுவார்.

ஜிஷா பாறசாலையில் வயலின் சொல்லிக் கொடுப்பவள், மேடையிலும் வாசிப்பாள். அந்தக் கிழிந்த ஸ்பீக்கர் வழியாக வாசித்தால் தாழ்ந்த தந்தியில் ஒரு கரகரப்பு எழும். சனிக்கிழமை திருவனந்தபுரத்து நிகழ்ச்சியை அதை நம்பித்தான் ஒத்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய் மாலை வந்து வாசித்துப் பார்த்தவளுக்கு முகம் மாறிவிட்டது.

"அண்ணா, இதுக்க கரகரப்பு எங்க?"

"ஒட்டிப்போட்டேன், மக்கா. மனசறிஞ்சு இல்ல. கை போய்ட்டு."

"நான் படிச்சுப் படிச்சு சொன்னேன் இல்லியா?"

"சொன்ன. நானே எழுதியும் வச்சேன்."

கடைக்குப் பின்னால்தான் வீடு. அங்கிருந்து அவர் மனைவி ஆனந்தபாய் சிரித்தாள். "இத்தன நாளும் நல்லதாக்கப் படிச்சாரு. இனி கெடுக்கவும் படிக்கட்டு, டீச்சரே."

"வெள்ளிக்கிழமைக்குள்ள உண்டாக்கித் தாறேன்," என்றார் சுந்தரதாஸ்.

"கரகரப்ப உண்டாக்க முடியுமா?"

"தெரியாது. இதுவர போக்கத்தான் செஞ்சிருக்கேன்."

ஜிஷா தன் வாசிப்பைச் செல்போனில் பதிந்து அனுப்பினாள். புதன் காலை அதை ஸ்பீக்கரில் ஓட விட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினார். முதலில் அதே இடத்தில் பிளேடால் கீறினார். பசை ஏறிய காகிதம் விறைத்திருந்தது, சத்தத்தில் உயிரில்லை. அடுத்துக் கூம்பின்மேல் வைத்த மாத்திரை அட்டைத் தகடு எல்லாச் சுரத்துக்கும் கலகலத்தது. கமுகம்பாளையின் உள்தோலைச் சீவி வைத்தபோது சரியாக உறுமியது.

"நல்லாத்தானே இருக்கு?" என்றாள் ஆனந்தபாய்.

"இப்ப இருக்கும். மேடையில லைட்டு சூட்டுல?"

வெயிலில் ஒரு மணி நேரம் வைத்தார். தோல் சுருண்டு வேறு குரலாகிவிட்டது. கழற்றிப் போட்டார்.

வியாழக்கிழமை அலமாரியிலிருந்து ஒரு பழைய முழங்கால் எக்ஸ்ரே படத்தை எடுத்தார்.

"அது எனக்க முட்டாக்கும்!" என்றாள் ஆனந்தபாய்.

"முட்டு சொகமாயாச்சுல்லா?"

"ஆச்சு. இனி அதும் மேடையில பாடட்டு."

விரலகலத் துண்டு வெட்டி, ஒரு முனையை ஸ்பீக்கரின் இரும்பு விளிம்பில் பொருத்தி, மறுமுனை கூம்பைத் தொடும்படி விட்டார். அழுத்தித் தொட்டால் எல்லாச் சுரமும் இரைந்தது. விலகினால் ஒன்றுமே இல்லை. அந்த இடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும், தலை பெட்டிக்கு வெளியே தெரியும்படி ஒரு சின்ன போல்ட் வைத்தார். தாழ்ந்த சுரத்தில் மட்டும் கரகரக்கிற இடம் கிடைத்ததும் போல்ட்டின் தலையிலும் அதற்கு நேராகப் பெட்டியிலும் சிவப்புப் புள்ளி வைத்தார். மறுபடி வெயில், மறுபடி சோதனை. புள்ளிக்கு நேராகப் புள்ளியை வைத்தால் ஆறு தடவையும் ஒரே குரல்.

வெள்ளிக்கிழமை ஜிஷா வந்தாள். தாழ்ந்த தந்தியில் வில் போனதும் கரகரப்பு எழுந்தது. மேலே ஏறியதும் அடங்கியது. நிறுத்தினாள்.

"பழைய சத்தம் இது இல்ல, அண்ணா."

"இல்ல. அது போச்சு."

போல்ட்டைப் பின்னால் திருப்பி வாசித்தாள். தெளிவாக இருந்தது. புள்ளிக்குக் கொண்டுவந்தாள், மறுபடி கரகரத்தது. பிறகு வெகுநேரம் நிறுத்தவில்லை.

"பழசு அதுக்க இஷ்டத்துக்கு உறுமும். இது நான் சொன்னா மட்டும் உறுமுது," என்றாள். "நாளைக்கு இதத்தான் வாசிக்கப் போறேன்."

சுந்தரதாஸ் பெட்டியைத் திறந்து பென்சிலால் பெயரும் தேதியும் எழுதினார். கீழே இன்னொரு வரியும் எழுதினார்: 'எக்ஸ்ரே துண்டைக் கழற்றக்கூடாது.'

"அது என்னத்துக்கு?"

"என்னப்போல ஒருத்தன் தொறந்தா நல்லதாக்கிப் போடுவான்."

நான்கு திருகாணிகளையும் முறுக்கி, பெட்டியைத் துடைத்து, அவள் கையில் கொடுத்தார்.