சித்தியின் பாட்டில் தப்பு வேண்டாமாம்

கொழும்பிலிருந்து அழைத்த இசையமைப்பாளருக்கு என் சித்தியின் குரல் வேண்டும். அதோடு சேர்ந்து கேட்கும் தப்பு வேண்டாம். முதல் அழைப்பிலேயே சொல்லிவிட்டார்.

"குரல்ல மண் வாசனை அப்பிடியே இருக்கு தம்பி. அந்த மேளத்த மட்டும் எடுத்துடுங்க. சாவு வீட்டு ஃபீல் வருது."

"அது தப்புங்கண்ணே."

"ஆமா, அதுதான்."

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில், ஆற்றோரம் கரகத்தை அலங்கரித்துப் பாலிக்கும்போது நான் ஃபோனில் எடுத்த பதிவு அது. சித்தி பாடுகிறார், இரண்டடி தள்ளி நின்று சித்தப்பா தப்படிக்கிறார். நான் ஹட்டனில் ஃபோன் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்பவன். லீவு நாட்களில் தோட்டத்து வரிசை வீடான லயத்து அறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பீட் செய்வேன். அந்தப் பதிவில் இருபது விநாடியை வெட்டி லூப்பாக்கி முகநூலில் போட்டிருந்தேன். அதைத்தான் அவர் கேட்டிருக்கிறார். சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருப்பவர் என்னைத் தம்பி என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சித்தப்பா அடுத்த வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே, "சரிங்கண்ணே, எடுத்துடுறேன்" என்றேன்.

எடுப்பது லேசாக இல்லை. முதலில் ஈக்யூவில் கீழ்ச் சத்தத்தை வெட்டினேன். தப்பின் 'தொம்' போனது. சுள்ளென்று விழும் குச்சியடி போகவில்லை. சித்தியின் குரல் இருக்கும் அதே இடத்தில்தான் அதுவும் இருந்தது. அங்கேயும் வெட்டினால் சித்தி பீப்பாய்க்குள் நின்று பாடுவதுபோல் கேட்டது. பிறகு ஒவ்வொரு அடியின் தொடக்கத்தையும் மழுக்கிப் பார்த்தேன். யாரோ தலையணையை அடிக்கிற சத்தம் மிஞ்சியது. கடைசியில், குரலையும் மேளத்தையும் தானாகப் பிரித்துத் தரும் மென்பொருளிடம் கொடுத்தேன். ஒரே நிமிடத்தில் தப்பு காணாமல் போனது. கூடவே சித்தியின் 'த'வும் 'ட'வும் பாதி போய்விட்டன. அவர் அழுத்திச் சொன்ன எழுத்துகளையெல்லாம் மேள அடி என்று நினைத்து அந்த மேதாவி வழித்துப் போட்டிருந்தது. எனக்கும் அது கேட்டது. கேட்டும், பெரிய சாதனை செய்தவனைப்போல அனுப்பிவைத்தேன். "சுப்பர் க்ளீன்!" என்று பதில் வந்தது.

அடுத்த ஞாயிறு அவரே வந்தார். வெள்ளைச் சப்பாத்து. சேற்றைத் தாண்டித் தாண்டி லயத்துக்கு ஏறி வந்து, "என்ன க்ளைமட்!" என்று மூன்று தடவை சொன்னார். சித்தி கொடுத்த பிளேன் டீயைப் படம் எடுத்தார், குடிக்கவில்லை. பிறகு தன் பாட்டை என் ஸ்பீக்கரில் போட்டார். எழுத்துகள் உதிர்ந்த சித்தியின் குரல். அதற்குக் கீழே, இணையத்தில் எங்கேயோ இறக்கிய மேளச் சத்தம்.

"இது ட்ரைபல் ட்ரம்ஸ். இதுதான் பாட்டுக்கு ஒரு வேர் குடுக்குது" என்றார்.

சித்தி ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன்டா, எனக்குப் பல்லு கொட்டிப் போச்சா? ஒரு வார்த்தையும் வெளங்கலயே."

சித்தப்பா காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "தப்பத் தப்பா அடிக்கிறாங்க. யாருங்க இது?" என்றார்.

"யாரும் அடிக்கல ஐயா. கம்ப்யூட்டர்ல வர்றது."

"அப்ப நான் அடிச்சது?"

இசையமைப்பாளர் என்னைப் பார்த்தார். நான் ஸ்பீக்கரின் வயரைப் பார்த்தேன். அவர்தான் சொன்னார்: "அது கொஞ்சம் சாவுக்கு அடிக்கிற மாதிரி இருந்துச்சுங்க. தம்பிதான் அழகா எடுத்துக் குடுத்தாங்க."

சித்திதான் எழுந்தார். "சாவுக்கும் இவர்தான் அடிக்கிறாரு, சாமிக்கும் இவர்தான் அடிக்கிறாரு. தப்போட போடுறதுன்னா போடுங்க. இல்லன்னா எம் பாட்டு வேணாங்க."

இசையமைப்பாளர் சிரித்துக்கொண்டே, "அம்மா எமோஷனல் ஆகுறாங்க, நீங்க பேசி வைங்க" என்று என்னிடம் சொன்னார்.

"பேச ஒண்ணும் இல்லண்ணே. அந்த ஃபைல அழிச்சிடுங்க" என்றேன். நான் சொன்ன ஒரே ஒழுங்கான வார்த்தை அதுதான்; அதையும் சித்தி சொன்ன பிறகுதான் சொன்னேன். அவர் ஆழ்ந்த கவலையோடு தலையாட்டிவிட்டு, சப்பாத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அன்று பின்னேரமே சித்தப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஏன்டா, நான் அடிச்சது அவ்வளவு சத்தமாவா கேட்டுச்சு?" என்று மட்டும் கேட்டார்.

சில மாதங்களில் பாட்டு வந்தது. சித்தியின் மெட்டு அப்படியே இருந்தது. வேறு யாரோ ஒரு பெண் மூக்கால் பாடியிருந்தார். அதே ட்ரைபல் வேர். பெயர்ப் பட்டியலில் 'மலையக மக்களுக்கு நன்றி' என்று ஒரு வரி. மக்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே வரி. வீடியோவில், கை வைக்காத ரவிக்கை போட்ட ஒரு பெண் மூடுபனிக்குள் கொழுந்து பறித்துக்கொண்டே ஆடினாள்.

சித்தியிடம் காட்டினேன். மெட்டைப் பற்றி ஏதாவது சொல்வார், திட்டுவார் என்று காத்திருந்தேன். கடைசிவரை பார்த்துவிட்டு ஃபோனைத் திருப்பித் தந்தார்.

"பாவம்டா, அந்தப் புள்ளைக்குக் குளிருக்கு ஒரு ஜம்பர் குடுத்திருக்கக் கூடாதா?"