வராத சத்தம்

பட்டறையில் அவளுக்கு ‘டாக்டரம்மா’ என்று பெயர். பட்டம் கொடுத்தது ஒரு லாரிக்காரர். அதைத் தெருத்தெருவாகப் பரப்பியது அவள் அக்கா. முன்பக்கம் உதிரிபாகக் கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு, நட்டு விற்பதைவிடத் தங்கையைப் பற்றிப் பேசுவதில்தான் ருசி அதிகம். “வண்டி தெருமுனை திரும்பும்போதே என்ன கோளாறுன்னு சொல்லிடுவா. எங்க வீட்டுக் குக்கர்கூட இவகிட்ட கேட்டுட்டுத்தான் விசில் அடிக்கும்” என்பாள்.

அக்கா சொல்வதில் பொய் குறைவு. நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை இயந்திரத்தில் வைத்து, பிடியைக் காதோரம் அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டாள் என்றால், முனகுவது பேரிங்கா, கடிபடுவது கியர் பல்லா என்று பிரித்துச் சொல்லிவிடுவாள். மற்றவர்களுக்கு, தலைகீழாக நின்றாலும், அது வெறும் இரைச்சல்தான்.

அப்படிப்பட்டவளிடம்தான் கல்குவாரி முதலாளியின் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி வந்தது. தார் ரோட்டில் திரும்பும்போதெல்லாம் பின்னாலிருந்து ‘டொக், டொக்’ என்று இடிப்பதாகப் புகார். டயரின் ஓரமும் பூனை பிறாண்டியதுபோலத் தேய்ந்திருந்தது.

வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடும், உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓடும். இரண்டையும் அவரவர் வேகத்தில் போகவிடுவதுதான் பின் அச்சிலிருக்கும் டிஃபரன்ஷியலின் வேலை. சேற்றில் ஒரு சக்கரம் சும்மா சுற்றினால் மற்றது அசையாது; அதே வேலை வினையாகிவிடும். அதற்காக இந்த வண்டியில் ஒரு லாக் உண்டு. ஸ்விட்ச்சை அழுத்தினால் காற்று போய் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும். மேடு ஏறியதும் அணைத்துவிட வேண்டும். அணைக்காமல் தார் ரோட்டில் திருப்பினால் டயர் இழுபட்டு, அச்சு முறுக்கேறி, ‘டொக்’.

அவள் டிஃபரன்ஷியலின் கூட்டைப் பிரித்துப் பார்த்தாள். ஒரு பல்கூட உடையவில்லை. மூடி, புது எண்ணெய் ஊற்றி, ரோட்டில் எட்டுப் போட்டுப் பார்த்தாள். எறும்பு ஊர்கிற சத்தம்கூட இல்லை. லாக்கைப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. சமதரையில் அது எதற்கு?

குவாரியில் தகரக் கொட்டகையின் கீழ் எல்லாரும் மதியச் சாப்பாட்டில் இருந்தபோது வண்டியைக் கொண்டுபோய் விட்டாள்.

“வண்டிக்கு ஒண்ணுமில்ல முதலாளி. லாக்கை அணைக்காம தார் ரோட்டுல ஓட்டியிருக்காங்க.”

டிரைவர், நரைத்த மீசைக்காரர், பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தார். “நான் அணைச்சுட்டுத்தாம்மா இறங்குவேன். லாக் லைட்டும் அணைஞ்சிடும். ஆனா முன்னெல்லாம் அணைச்சா புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும். இப்ப அது வரமாட்டேங்குது.”

“அண்ணே, சத்தம் வருதுன்னு வந்தீங்களா, வரலன்னு வந்தீங்களா?”

கொட்டகையே சிரித்தது. ஒருவருக்குப் புரையேறி, பக்கத்திலிருந்தவர் தலையில் தட்டினார். அந்தச் சிரிப்பு சூடாக இருக்கும்போதே அவள் இன்னொன்றையும் சேர்த்தாள்: “வண்டிக்கு நோயில்ல. கைக்குத்தான் மறதி.”

முதலாளி அங்கேயே சாவியை டிரைவரிடம் போகவிடாமல் தானே வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து டிரைவர் குவாரி வாசலில் தடுப்புக் கம்பியைத் தூக்கி இறக்கும் வேலைக்குப் போனார். பெயரும் ‘மறதி’ என்றாகிவிட்டது.

மழைக்காலம் முடிவதற்குள் வண்டி திரும்ப வந்தது. இப்போது ஓட்டிவந்தவர் முதலாளி.

“அதே சத்தம் டாக்டரம்மா. இப்ப நானேதான் ஓட்டுறேன். அந்த ஆளு கெடுத்து வச்சதுதான் இன்னும் பேசுது போல. வாசல் வேலையிலயும் அவனை எதுக்கு வச்சிருக்கேன்னு தெரியல. மாசக் கடைசியில அனுப்பிடலாம்னு இருக்கேன்.”

அவர் போனதும் அவள் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு, பட்டறைக்குப் பின்னாலிருக்கும் மண்மேட்டுக்குப் போனாள். லாக்கைப் போட்டாள், ஏறினாள், இறங்கினாள், ஸ்விட்ச்சை அணைத்தாள். ஸ்விட்ச்சோடு சேர்ந்த லைட்டும் அணைந்தது. தார் ரோட்டில் திருப்பினாள்.

டொக்.

வண்டியை ஓரம் கட்டினாள். மறுபடி ஸ்விட்ச்சைப் போட்டு அணைத்தாள். பூட்டியிருந்த காற்று ‘புஸ்’ என்று வெளியேற வேண்டும். வரவில்லை. ஊரிலுள்ள சத்தமெல்லாம் கேட்கிற காது, வராத சத்தத்தைக் கேட்கத் தவறிவிட்டது. கேட்டவர் சொன்னபோதும் கிண்டல் பண்ணியது.

லாக்குக்குக் காற்றை விட்டு எடுக்கும் வால்வைக் கழற்றினாள். காற்று வெளியேறும் துளையில், குழாய் மரைக்குச் சுற்றும் வெள்ளை டேப்பின் துணுக்கு ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்திவைத்தால் காற்று மெல்லக் கசிந்து பூட்டு தானே விடுபட்டிருக்கும். அதனால்தான் பட்டறையில் அது சாதுவாக நடித்தது. வால்வுக்குக் காற்று வரும் குழாயைப் போன கோடையில் மாற்றியது அவள்தான். டேப்பைச் சுற்றியதும் அவள் விரல்தான். காது மடல் தீயாய் எரிந்தது.

துணுக்கை அக்காவின் கவுன்டரில் வைத்தாள். கதையைக் கேட்ட அக்கா கடைவாசலை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “தூசி அடைச்சிருந்துச்சு, எடுத்துட்டேன்னு சொல்லிடு. அது பொய்யா? ஊரே உன்னை நம்புதுடி.”

“நீ சொல்லிச் சொல்லித்தான் நம்புது.”

அக்கா துணுக்கை ஒரு சின்ன நட்டு உறைக்குள் போட்டுத் தங்கையின் சட்டைப்பையில் வைத்தாள்.

குவாரி வாசலில் தடுப்புக் கம்பியைத் தூக்க எழுந்தவர் அந்த டிரைவர்தான். வண்டியைக் கண்டதும் கம்பியைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார், “சத்தம் போயிடுச்சாம்மா?” குத்தல் இல்லாத கேள்வி. குத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

இறங்கினாள். “அண்ணே, தப்பு என்னோடது. நீங்க சொன்னது சரி. வால்வை நான்தான் அடைச்சு வச்சிருக்கேன்.” உறையைக் கொட்டிக் காட்டினாள். “முதலாளிகிட்ட இப்பவே போய்ச் சொல்லிடறேன்.”

அவர் அந்தத் துணுக்கை வெகுநேரம் பார்த்தார். நகத்தைவிடச் சிறியது.

“முதலாளிகிட்ட மட்டுமா சொன்னீங்க அன்னைக்கு?”

அவள் துணுக்கைத் திரும்ப உறைக்குள் போட்டாள்.

“சாப்பாட்டு மணி அடிக்கட்டும். எல்லாரும் வரட்டும்” என்றவர், கம்பியை இறக்கிவிட்டுத் தன் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவளை உட்காரச் சொல்லவில்லை. கல் ஏற்றிப் போன லாரிக்காரர்கள், “என்ன டாக்டரம்மா, வாசல்லயே வைத்தியமா?” என்று கேட்டுக்கொண்டே போனார்கள். அவள் வெயிலில் நின்றாள்.

மணி அடித்தது. கொட்டகையில் எல்லார் முன்னாலும் சொன்னாள். சொற்கள் ஒவ்வொன்றும் மண்ணோடு வேர் பிடுங்குவதுபோல வந்தன. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. முதலாளி, “சரி விடும்மா, இதுக்குப் போயி” என்று மழுப்பப் பார்த்தார். பிறகு கூட்டத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியை நீட்டினார்.

டிரைவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் வாங்கினார். வண்டியைக் கொட்டகை ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, லாக்கைப் போட்டு அணைத்தார்.

புஸ்.

“கேட்டுச்சா டாக்டரம்மா?”

“கேட்டுச்சுண்ணே.”

“எனக்குச் சரியா கேக்கல” என்றார் அவர். இன்னொரு முறை போட்டு அணைத்தார்.