தலைகீழாய்ப் பறந்த ஒற்றை நட்சத்திரம்

பெட்ரோல் கடை கவுன்டரில் நிற்கிறவனுக்குக் கால் வீங்கும், காது கூராகும். என்னை மாதிரி நின்றே காலம் கழித்த அண்ணன் தம்பிகளுக்கு இது தெரியும். எட்டாவது தாண்டாத ராமநாதபுரத்துக்காரன் நான். டெக்சாஸைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே கேட்டி என்கிற ஊர்ப் பக்கம் எங்கள் கடையில் காபி குடித்த கிழவர்கள் சொல்லிக் கொடுத்ததுதான்.

காலி மேசை

தினமும் காலை ஆறு மணிக்கு மாட்டுப் பண்ணைக்காரர்கள் நாலு பேர் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து கவர்னரைத் திட்டுவார்கள்; இல்லையென்றால் மழையைத் திட்டுவார்கள். இரட்டைக் கோபுரங்கள் விழுந்த 2001 செப்டம்பரில் அந்த மேசை காலியானது. ஒரு வாரம், ரெண்டு வாரம், ஒருத்தரும் வரவில்லை. அவர்கள் வராவிட்டால் ஊரே வராது.

என் சட்டையில் ‘அப்துல்’ என்று பெயர்ப்பட்டை. கூட வேலை பார்த்த என் மனைவி ஜுலைகா, “அதைக் கழட்டிடுங்களேன் மச்சான்” என்றாள். வாப்பா வைத்த பேரு, கழட்ட மாட்டேன் என்றேன். மேசை துடைக்கிற துணியை எடுத்து நீட்டினாள்.

“அப்ப தொடைச்சுப் போட்டுக்குங்க. நல்லாத் தெரியட்டும்.”

கொடி

நானும் இந்த ஊர்க்காரன்தான் என்று காட்ட டெக்சாஸ் கொடி ஒன்று வாங்கினேன். நீலத்தில் ஒரே நட்சத்திரம், பக்கத்தில் ஒரு வெள்ளைப் பட்டை, ஒரு சிவப்புப் பட்டை. நம்ம கொடியில் காவி மேலேதானே? அந்தக் கணக்கில் சிவப்பை மேலே வைத்துக் கட்டிவிட்டேன்.

அரை மணி நேரத்தில் ஒரு டிரக் சீறிக்கொண்டு வந்து நின்றது. மேசைக் கூட்டத்தில் மூத்தவரான வில்பர் துப்பாக்கியோடு குதித்தார். “உள்ளே எத்தனை பேர்?” நான் காபி ஜாடியோடு முழித்தேன். சிவப்பு மேலே இருந்தால் ‘ஆபத்து, காப்பாத்துங்க’ என்று அர்த்தமாம்! தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, கொடியை இறக்கி, அவரே திருப்பிக் கட்டினார்.

“ஆறு நாட்டுக் கொடி பறந்த மண்ணு இது, அப்துல். எங்க கொடியைத் தலைகீழாக் கட்டின முதல் ஆளு நீதான்.”

பீன்ஸ்

மறுநாள் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க மற்ற மூவரையும் கூட்டிவந்தார். அதில் ஹாங்க், “அவன் கையால காபி குடிக்க மாட்டேன்” என்று ஊரெல்லாம் சொன்னவர். ஜுலைகா சந்தோஷத்தில் சில்லி என்கிற அவர்கள் ஊர் மாட்டுக்கறிக் குழம்பை வைத்து, பீன்ஸையும் அள்ளிப் போட்டுவிட்டாள். நாலு பேரும் கரண்டியைக் கீழே வைத்தார்கள். ஹாங்க் பீன்ஸை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரம் வைத்தார். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார்.

“மேம், பீன்ஸ் போட்டா அது சில்லியே இல்ல. ஆனா இந்த மிளகாய்த்தூள் எங்க கிடைக்கும்?”

ஓட்டு

2008-ல் குடியுரிமை வந்து முதல் ஓட்டு. வில்பர் ஒரு கட்சி, ஹாங்க் எதிர்க்கட்சி. நான் கூட்டிட்டுப் போறேன், நீ போகாதே என்று ரெண்டு பேரும் மல்லுக்கட்டி, கடைசியில் ஒரே டிரக்கில் என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். ஓட்டுச்சாவடி வாசலில் பழைய ஆட்கள் எல்லாரிடமும் “இவர் எங்க ஆளு” என்றார் ஹாங்க். போட்டுவிட்டு வெளியே வந்து வாயைத் திறந்தேன். ஹாங்க் கையை நீட்டித் தடுத்தார்.

“யாருக்குன்னு சொல்லாதே. சொன்னா எங்கள்ல ஒருத்தன் காபிக்கு வேற கடை தேடணும்.”

ரெண்டு பேருமே என் ஓட்டு தன் கட்சிக்குத்தான் என்று இன்னும் நம்பிக்கொண்டிருப்பதால், டெக்சாஸில் என்னைவிடக் கெட்டிக்கார அரசியல்வாதி இருக்கிறான் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.