அறுபத்து நாலில் பிறந்தவள்

பிரிஸ்டலில் எங்கள் தெருவில் ரெக் டாவியின் கறிக்கடைக்கு அடுத்த வீடு எங்களுடையது. அவர் மகள் லொரேனைத் தொட்டிலில் இருந்தே எனக்குத் தெரியும். கடையில் கணக்குப் பார்த்தாள், அம்மா ஐவி போன பிறகு சமைத்தாள், அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு அவரைக் குளிப்பாட்டினாள். கல்யாணம் ஒன்று பேச்சில் வந்து பேச்சிலேயே நின்றுபோனது. அவளைப் பற்றிச் சொல்ல வேறு பெரிதாக ஒன்றும் கிடையாது. அந்த பாட்டில்களைத் தவிர.

பிள்ளை பிறந்தால், வயது ஏற ஏற ருசி கூடும் போர்ட் ஒயினில் அந்த வருஷத்து பாட்டிலை வாங்கி நிலவறையில் படுக்க வைத்துவிட்டு, இருபத்தொரு வயதில் திறப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வசதி உள்ளவர்கள் வழக்கம்தான். ஆனால் ரெக் தலைப்பிள்ளைக்கு அதைச் செய்தே தீருவேன் என்று நின்றார். கீத் பிறந்தது அறுபத்து மூன்றில். அப்படி ஒரு வருஷம் அமைவது அபூர்வம் என்று ஒயின் வியாபாரி சொன்னாராம். அன்றே சொல்லிவைத்துவிட்டார் ரெக். அந்த ஒயின் பீப்பாயில் இரண்டு வருஷம் கிடந்துதான் பாட்டிலுக்கு வரும். அது வீடு வந்து சேர்ந்தபோது கீத் இல்லை. தவழ ஆரம்பிக்கும் முன்பே நெஞ்சுச் சளியில் போய்விட்டான். தொட்டிலில் லொரேன் கிடந்தாள்.

"வேண்டாம்னு திருப்பி அனுப்பிடலாம் ரெக்" என்று ஐவி சொன்னதற்கு, அவர் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நிலவறைக்கு இறங்கினார்.

லொரேன் பிறந்த அறுபத்து நாலை எந்தப் பெரிய வியாபாரியும் நல்ல வருஷம் என்று அறிவிக்கவில்லை. அறிவிக்காத வருஷத்து ஒயின் மற்றதோடு கலந்து போகும், பாட்டிலில் வருஷம் எழுத மாட்டார்கள். ஆகவே அவளுக்கென்று வாங்க ஒன்றும் இல்லை. இதில் ரெக்கைக் குறை சொல்ல முடியாது. குறை அதற்குப் பிறகுதான். ஏலத்துக்கு ஏலம் போய் அறுபத்து மூன்றையே வாங்கினார், அதிலும் பெரிய பாட்டில்களாக. இரண்டு பாட்டில் கொள்ளும் மேக்னம் அந்த வருஷத்தில் லேசில் கிடைக்காது. "பெரிய பாட்டில்ல மெதுவாத்தான் வயசாகும்" என்பார். அதற்கு மேல் நாங்கள் யாரும் கேட்டதில்லை.

கீத்துக்கு இருபத்தொன்று ஆகியிருக்க வேண்டிய நாளில் மேக்னம் ஒன்றைத் திறந்து தெருவையே அழைத்தார். லொரேன்தான் எல்லோருக்கும் ஊற்றினாள். அடுத்த வருஷம் அவள் முறை வந்தபோது, மூலையில் இருந்த மதுக்கடையில் ஆளுக்கொரு பீர்.

"நான்தான் தேறாத வருஷமாச்சே!" என்று அவளே சொல்லிச் சிரித்தாள். எங்களையும் சிரிக்க வைத்தாள்.

போன மார்ச்சில் ஏலக் கேட்டலாக்கில் அறுபத்து மூன்றாம் வருஷத்து டபுள் மேக்னம் ஒன்று வந்தது. நாலு பாட்டில் கொள்ளும். தன் ஆயுசில் ரெக் பார்த்திராதது. அவரால் எழுந்திருக்க முடியவில்லை. லொரேனை அனுப்பினார். துணைக்கு நான் போனேன்.

"இதைவிடப் பெருசு இனி வராது அக்கா" என்றாள் காரில். "இத வாங்கிக் குடுத்துட்டா முடிஞ்சுது. அப்புறம் தேட ஒண்ணும் இருக்காதுல்ல?"

"முடிஞ்சா?"

"கொஞ்சம் என்னையும் பாப்பாரோ என்னமோ." ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

ஏலக் கூடத்தில் எங்களுக்கு எதிராக நின்றது ஒரே ஒரு ஆள். லண்டன் வியாபாரி, கடுகு நிறக் கால்சட்டை. ரெக் சொல்லி அனுப்பிய தொகை சீக்கிரமே தாண்டிப் போனது. லொரேன் உயர்த்திப் பிடித்த ஏல எண் அட்டையை இறக்கவில்லை.

"போதும்டி, விடு" என்று முழங்கையைப் பிடித்தேன்.

"மிச்சம் என் காசுக்கா."

"பச்சைக் கோட்டு அம்மா விட மாட்டாங்க போலிருக்கே!" என்றார் ஏலம் விடுபவர். "சார், வீட்டுல கேட்டுட்டு வந்து ஏத்துறீங்களா?" கூடம் சிரித்தது. வியாபாரி தோளைக் குலுக்கிவிட்டு உட்கார்ந்தார். சுத்தியல் விழுந்தது. லொரேனின் கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. அவளை அவ்வளவு அழகாக நான் பார்த்ததே இல்லை.

திரும்பும் வழியெல்லாம் பாட்டிலை மடியில் படுக்க வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ரெக் அதை ஒரு கையால் தடவினார். வெளிச்சத்தில் காட்டச் சொல்லி ஒயின் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தார். மூடிமேல் இருந்த மெழுகு முத்திரையை நகத்தால் தட்டினார். விலையைக் கேட்டார். அவள் விலையையும், லண்டன் வியாபாரி ஏற்றிவிட்டதையும் மறைக்காமல் சொன்னாள்.

"ரொம்பக் குடுத்துட்ட" என்றார். "கீத் ஏலத்துக்குப் போயிருந்தா இதுல பாதிக்கு முடிச்சிருப்பான்."

எனக்குச் சுடச்சுட ஒரு வார்த்தை வாய் வரை வந்துவிட்டது. லொரேன் பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டேன்.

இருவரும் நிலவறைக்கு இறங்கினோம். அவள் அதைப் போட்டு உடைத்தாலும் நான் தடுத்திருக்க மாட்டேன். அவள் ஈரத் துணியால் அலமாரியைத் துடைத்தாள். இந்த பாட்டில்களின் ஒரு பக்கத்தில் சுண்ணாம்புத் தீற்று இருக்கும், எப்போதும் அதுதான் மேலே இருக்க வேண்டும். இல்லையென்றால் அடியில் படிந்த கசடு கலங்கிவிடும். தீற்றைத் தேடிப் பிடித்து, மெதுவாகத் திருப்பி, மற்றவற்றுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தாள்.

"வெள்ளை மேல இருக்கா?" மேலிருந்து ரெக்கின் குரல்.

"இருக்குப்பா."

"அந்த லண்டன்காரன்கிட்ட இதே மாதிரி இன்னொண்ணு இருக்கும். தன்னோடதுக்கு விலை கூடணும்னுதான் இவ்வளவு தூரம் ஏத்தியிருக்கான். யாருன்னு விசாரி."

லொரேன் படியில் உட்கார்ந்தாள். ஈரத் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். நான் பக்கத்தில் உட்கார இடம் விட்டு நகரவும் இல்லை.

"லொரேன்! காது கேக்குதா?"

"கேக்குதுப்பா" என்றாள். "திங்கக்கிழமை போன் பண்றேன்."

திங்கட்கிழமை போன் செய்தாள்.