அடையாறில் எறிந்த துண்டு

எனக்கு அது தலை தீபாவளி. மாமனார் வீடு கொள்ளிடக் கரையில் ஒரு சின்ன ஊர். அடையாறிலிருந்து சிறப்புப் பேருந்து விட்டிருந்தார்கள். வண்டி நிற்பதற்குள் கூட்டம் பாய்ந்தது. நான் ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் துண்டை ஒரு சீட்டில் எறிந்தேன். துண்டு விழுந்த சீட்டு நம்முடையது. அதற்கு மேல் ஒரு சட்டமும் கிடையாது.

மனைவியைக் கூட்டிக்கொண்டு முண்டியடித்து உள்ளே போனால், என் துண்டின் மேலேயே ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

"துண்டு போட்டிருக்கேன், எழுந்திரு."

"இன்னா, துண்டு போட்டா பட்டா எழுதிக் குட்த்துட்டாங்களா?"

சட்டையைப் பிடித்துத் தூக்கினேன். அவன் என் வாயிலேயே குத்தினான். ரத்தம் கரித்தது. அவன் மூக்கை உடைத்தேன். தலையைப் பிடித்துக் கம்பியில் மோதினேன். கண்டக்டரும் நாலைந்து பேரும் எங்கள் இருவரையும் கழுத்தைப் பிடித்துக் கீழே தள்ளினார்கள். தரையிலும் நாங்கள் விடவில்லை. அவன் என் காதைக் கடித்தான். நான் அவன் விலாவில் மிதித்தேன். இன்றைக்கும் சொல்வேன், அந்தச் சீட்டு என்னுடையது.

நிமிர்ந்தபோது பேருந்து இல்லை. மனைவி இறங்கியிருப்பாள் என்று சுற்றிலும் தேடினேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் எதிரில் நான் குரலைக்கூட உயர்த்தியதில்லை. செல்போன் அடித்தது.

"அந்த ஜன்னல் சீட்டு எனக்குக் கிடைச்சிடுச்சு. உங்க துண்டு மேலதான் உக்காந்திருக்கேன்," என்றாள். "நீங்க அடிச்சு முடிச்சுட்டு நிதானமா வாங்க. வராட்டியும் பரவால்ல. மாப்பிள்ளை எங்கேன்னு அப்பா கேட்டா, பார்த்ததை நான் சொல்லிக்கிறேன்."